அக்கா நடக்காத இரண்டு தெரு

கன்னியர் மடத்துக்குப் பெண்ணைக் கொடுத்த குடும்பம் பாக்கியம் செய்த குடும்பம் என்று கோயிலில் பிரசங்கம் வைப்பார்கள். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் எழுந்து போன பிறகு அவள் இடத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று எந்தப் பிரசங்கத்திலும் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் நான்தான் உட்கார்ந்தேன். அதனால் அந்தப் பாக்கியத்தைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் எங்களுக்கு. தெருவில் வேதக்காரர் என்று சொல்லும் கிறிஸ்தவர் வீடு மொத்தம் மூன்று. வேதம் வேறாக இருந்தாலும் எல்லார் வீட்டிலும் தறி ஒன்றுதான். அப்பா குழித்தறியில் பட்டுப்புடவை நெய்தார். உடம்பு ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்யும்போது, கரைக்கென்று நூல் ஓட்டுகிற தனி நாடாவை வைத்துக்கொண்டு வலது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கோத்துக்கொண்டே வரவேண்டும். கோர்வை என்போம். அப்பாவுக்குக் கோர்வை கோத்தவள் அக்கா. என்னைவிட ஐந்து வயது பெரியவள். அவர்கள் இருவரும் தறியில் இருக்கும்போது பேச்சே இருக்காது. அப்பா கால் மாற்றுகிற சத்தத்தை வைத்தே அடுத்து என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

நான் அப்போது கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளியில் நாலாம் வகுப்பு. வீட்டில் எழுத்து வாசனை உள்ள ஒரே ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அக்காகூட மடத்துக்குப் போன பிறகுதான் எழுதப் படிக்கக் கற்றாள். அந்தப் பெருமையில் நான் கொஞ்சம் துள்ளிக்கொண்டிருந்த காலம் அது.

ஜெர்மன் சண்டை முடிந்த சமயம். அக்காவுக்குப் பதினாறு வயது. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, மடத்துக்குப் போகப்போவதாகச் சொன்னாள்.

"இன்னாத்துக்குமா திடீர்னு?" என்று அம்மா கேட்டாள்.

"கூப்பிடறாரு. போறேன்."

"யாரு கூப்பிடறது?"

அக்கா சுவரில் மாட்டியிருந்த சேசுவின் திரு இருதயப் படத்தைக் காட்டினாள். அதற்குமேல் யார் என்ன கேட்க முடியும்? அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சந்தோஷம்தான். அப்பா எழுந்து தறிக்குப் போனார். அக்கா போன மறுநாள் காலையில் நான் சிலேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, "படிச்சது போதும்மா, இப்படி வந்து குந்து" என்று தறியின் வலது பக்கத்தைக் காட்டினார். என்னையும் ஒருவர் கூப்பிட்டார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அதற்கு யாரும் கோயிலில் பிரசங்கம் வைக்கவில்லை.

மடத்தில் சேர்கிறவர்கள் சில வருஷம் பயிற்சியில் இருந்து, பிறகு வார்த்தைப்பாடு கொடுப்பார்கள். தரித்திரம், கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று. தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளக்கூடாது, கல்யாணம் கூடாது, மேலே இருப்பவர் சொன்னால் மறுபேச்சுக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உபதேசியார் வைக்கும் ஞானோபதேச வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் வார்த்தைப்பாட்டை எங்கள் தெருவில் கேட்காமலே எல்லாரும் கொடுத்திருந்தார்கள். மூன்றாவதை நான் தறியில் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா கொடுத்தால் மட்டும் அது ஏன் காணிக்கை ஆகிறது என்று சிஸ்டரிடம் கேட்டிருப்பேன். பள்ளிதான் நின்றுவிட்டதே.

வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் உடுப்புப் பெறும் நாள் என்று ஒன்று வரும். அன்று அந்தப் பெண்ணைக் கல்யாணப் பெண்ணாகவே ஜோடித்துக் கோயிலுக்கு அழைத்து வருவார்கள். கர்த்தருக்கு மணவாட்டி. பட்டுப்புடவை, தலையில் பூமுடி, கையில் மெழுகுவத்தி. பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுவிட்டு உள்ளே போவாள். அங்கே கூந்தலை வெட்டி, புடவையைக் களைந்து, வெள்ளை அங்கியும் கறுப்பு முக்காடும் போட்டு வெளியே அனுப்புவார்கள்.

அப்பா அதற்காகத் தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கு இழை, போட்டார். ஒரு பாவில் மூன்று புடவை வரும். அரக்கு உடம்பு, பச்சைக் கரை. ஒன்று அக்காவின் உடுப்பு நாளுக்கு, ஒன்று என் கல்யாணத்துக்கு, ஒன்று அம்மாவுக்கு. அக்காவின் புடவைக்குக் கோர்வை கோத்தவள் நான். கை பழகாத காலம். கரை சில இடங்களில் பல்லைக் காட்டும். அப்பா அதை இரண்டு தடவை பிரித்துத் திரும்பக் கோக்க வைத்தார். அப்படி நெய்த புடவையை அவள் ஒரு மணி நேரம்கூடக் கட்டியிருக்கவில்லை.

அடுத்த வருஷம், வேதத்துக்காக உயிர் கொடுத்த வேதசாட்சி ஒருவரின் திருநாள் பூசைக்கு, சுவாமியார் சிவப்பு உடுப்பு அணிந்து எங்களுக்கு முதுகைக் காட்டிப் பீடத்தின் முன் நின்றார். அது எங்கள் புடவை. மடத்தில் அதை வெட்டிப் பூசை உடுப்பாகத் தைத்துவிட்டார்கள். எனக்குக் கோபத்தில் காது சுட்டது. அப்பா என் பக்கம் குனிந்து, "கோர்வைய குறுக்கால வெட்டிட்டாங்கமா" என்று மட்டும் சொன்னார். பூசை முடிகிறவரை அவர் தலை நிமிரவில்லை. பார்த்தவர்கள் அவரைப் பெரிய பக்திமான் என்று நினைத்திருப்பார்கள்.

அம்மாவின் பிசகு வேறு மாதிரி. புடவை, பூமுடி, மெழுகுவத்தி எல்லாம் பார்த்தவள், நிஜமாகவே கல்யாணம் நடந்துவிட்டதாக எடுத்துக்கொண்டாள். உடுப்பு நாளன்று சீர்த்தட்டு ஏழு எடுத்துக்கொண்டு போனோம்: வாழைப்பழம், கற்கண்டு, வெல்லம், பூ. வாசலில் இருந்த சிஸ்டர் ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே வைத்துவிட்டு, வெறும் தட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மடத்துக்குப் போய், அங்கே தலைவியாக இருந்த பெரிய தாயாரிடம், பெண்ணை மறுவீட்டுக்கு எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டாள்.

பெரிய தாயார் கடல் கடந்து வந்த வெள்ளைக்கார அம்மா. மறுவீடு என்றால் என்ன என்று பக்கத்திலிருந்த சிஸ்டர் விளக்கியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டு, "இனி இதுதான் அவளுக்கு வீடு" என்று மெதுவாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது அம்மாவிடம் வருத்தமே இல்லை. "மாமியார் வூட்டுல எல்லாரும் அப்படித்தான்மா சொல்லுவாங்க. நாளாவட்டத்துல அனுப்புவாங்க" என்றாள். கடைசிவரை மடத்தை அக்காவின் மாமியார் வீடாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கண்டிப்பான மாமியார், ஆனாலும் ஒரு நாள் மனம் இரங்குவாள். அந்த நம்பிக்கையில் அக்காவின் பாயை மடித்துப் பரண்மேல் வைத்து, வருஷம் தவறாமல் வெயிலில் காயப் போட்டாள்.

கடைசி வார்த்தைப்பாடு முடிந்ததும் அக்காவை இதே ஊர் மடத்தில் வைத்தார்கள். வேறு ஊரென்றால் மனம் ஆறியிருக்கும். அவள் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு சிஸ்டருடன், நோய்வாய்ப்பட்டவர்கள் வீட்டுக்குப் போவாள். சாயப்பட்டறைக்காரர் வீடு, வண்டிக்காரர் வீடு, யார் வீடென்றாலும் போகலாம். பெற்ற வீட்டுப் படி மட்டும் ஏறக்கூடாது. உலகத்தை விட்டுவிட்டேன் என்று சொன்னவர்களுக்கு உலகம் முழுதும் திறந்துதான் இருந்தது. அதில் எங்கள் வீடு மட்டும் கழிந்துவிட்டது. அவள் எங்கள் தெருமுனையைக் கடக்கும் நேரம் பார்த்து அம்மா போய் நிற்பாள். அக்கா தலை குனிந்தபடி போய்விடுவாள். "இளைச்சிட்டா" என்று அம்மா வந்து சொல்வாள். முக்காட்டுக்குள் என்ன தெரிந்ததோ.

எனக்கு இருபது வயது இருக்கும்போது அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தறிக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். சுவாமியார் வந்து, சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயால் அவஸ்தை பூசிவிட்டுப் போனார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவள ஒரு தபா பாத்துட்டா போதும்."

அப்பா மடத்துக்குப் போய்ச் சொன்னார். சட்டம் இடம் கொடுக்காது என்றார்கள். நான் போனேன். "உங்கள் அக்கா உங்களுக்காக ஜெபிக்கிறார்" என்று வாசல் சிஸ்டர் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவை உதைக்கலாம் போல் இருந்தது. அம்மாவிடம் வந்து, கேட்டுச் சொல்கிறார்களாம் என்றேன். "எவ்ளோ கல்நெஞ்சு மாமியாரா இருந்தாலும் சாவுக்கு அனுப்புவாங்கமா" என்றாள் அம்மா.

இரண்டு தெரு தள்ளி ஒரு தெலுங்கு அம்மா இருந்தார். புருஷனை இழந்தவர். அம்மாவும் அவரும் வருஷக்கணக்காகச் சேர்ந்து உட்கார்ந்து பட்டு இழைத்தவர்கள். அம்மாவைப் பார்க்க வந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்க பெருமாளே வருஷத்துக்கு ஒரு தபா கோயில வுட்டுத் தெருத்தெருவா வராரு. உங்க பொண்ணு வரக்கூடாதா?" என்றார். அந்தப் பேச்சில்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. எங்கள் பக்கத்து நோயாளிகளைப் பார்க்க எப்போதும் வருகிறவள் அக்காதான். யார் வீட்டுக்கும் போகலாம், பெற்ற வீட்டுக்குத்தானே கூடாது? அம்மாவை இவர் வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டால்?

தெலுங்கு அம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "மா இண்டிகி தீசுகு ரா" என்றார். எங்கள் வீட்டுக்குக் கொண்டுவா. சாகக் கிடக்கிற பிற வேதத்து மனுஷியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? அன்றைக்கே மடத்துக்குப் போய், தன் வீட்டில் ஒரு பொம்பளை வயிற்றுக்கட்டியோடு கிடப்பதாகச் சொல்லிவிட்டும் வந்தார். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் சிஸ்டர்கள் வருவதாகப் பதில்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "சாவப்போறவள தூக்கிக்கினு அடுத்தவங்க வூட்டுக்கா? அவ இந்தத் தறியாண்டதான் பொழைச்சா. இங்கயே இருக்கட்டும்" என்றார். அம்மாவுக்கும் இஷ்டமில்லை. "இங்கயே கிடக்கறேம்மா, அவ வந்தா இங்க வரட்டும்." நான் விடவில்லை. "அவளப் பாக்கணுமா வாணாமா? பாக்கணும்னா இதான் வழி" என்று அதட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அப்ப தல வாரி வுடு" என்றாள்.

விடிந்ததும் அப்பாவும் எதிர்வீட்டு ஆட்கள் இருவரும் கட்டிலோடு தூக்கினார்கள். வாசல் தாண்டும்போது அம்மா தறிப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்பா கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தெலுங்கு அம்மா வீட்டில் இடத்தைப் பெருக்கி மெழுகி, தலைமாட்டில் ஒரு மரச்சிலுவை வைக்க மாடத்தைக்கூட ஒழித்துக் கொடுத்திருந்தார்.

பூசை முடிகிற மணி அடித்துச் சற்று நேரத்தில் இரண்டு சிஸ்டர்கள் வந்தார்கள். இரண்டு பேரில் அக்கா இல்லை. வேறு இருவர். அவர்களில் வயது கூடியவர் கட்டிலைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிட்டார்.

"ஐயோ, இவங்க இங்கயா இருக்காங்க? பெரிய தாயார் நேத்து ராவுதான் உங்க அக்காவுக்கு அனுமதி குடுத்தாங்க. இப்பதான் உங்க வூட்டுக்குப் போனாங்களே!"

நான் ஓடினேன். அடுத்த தெருவைக் கடந்து எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் வெயில் ஏறுவதற்குள் பாவைத் தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். இடுப்பு உயரத்தில் பட்டு இழைகள், இரண்டு பக்கமும் ஆட்கள். அது கட்டியிருக்கும்போது நாய்கூடக் குறுக்கே போகாதபடி பார்த்துக்கொள்வோம். நான் நின்ற பக்கம் ஒன்று, எங்கள் வீடு எதிர்ப்பக்கம். பாவுக்கு அந்தப் பக்கம், எங்கள் வாசலில், பூட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். பக்கத்தில் துணைக்கு வந்த சிஸ்டர்.

"அக்கா!" என்று கத்தினேன். "அம்மா தெலுங்கம்மா வூட்டுல இருக்குது! ரெண்டு தெருதான், வா!"

கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தை முழுசாகப் பார்த்தேன். துணை சிஸ்டர் அவளிடம் என்னவோ சொன்னார். அக்கா பூட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வருகிறேன் என்கிற ஆட்டல் இல்லை. கையைப் பூட்டிலிருந்து எடுத்துவிட்டுப் பெரிய தெருப்பக்கம் நடந்தாள்.

நான் பாவின் கோடிவரை ஓடி, கழியைச் சுற்றி, அந்தப் பக்கமாகத் திரும்பி ஓடிவந்தேன். அதற்குள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். துரத்திக்கொண்டு போயிருக்கலாம். அம்மாவை அப்படி விட்டுவிட்டு எவ்வளவு தூரம் போவது? திரும்பினேன்.

அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. "வந்துட்டாளா?" என்றாள். "வந்துக்கினே இருக்காம்மா" என்றேன். அந்த வயதான சிஸ்டர் போகாமல் கட்டிலோரம் முழந்தாளிட்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் கை துழாவி அவருடைய அங்கியைப் பிடித்தது. துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "வந்தியா கண்ணு" என்றாள். சிஸ்டர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "வந்துட்டேம்மா" என்றார். அவரும் வார்த்தைப்பாடு கொடுத்தவர்தான். அந்தப் பொய்யைச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொன்னாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. மடத்தில் நான் மனசாரக் கும்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

கோயிலில் பன்னிரண்டு மணித் திரிகால ஜெப மணி அடிப்பதற்குள் அம்மா போய்விட்டாள். பிறத்தியார் வீட்டில். அந்தப் புண்ணியவதி தன் வீட்டைக் கழுவிவிட்டுப் பத்து நாள் ராட்டையைத் தொடாமல் இருந்தார். மூன்றாவது அரக்குப் புடவையைக் கட்டி அம்மாவைப் பெட்டியில் வைத்தோம்.

கோயிலில் அடக்கப் பூசைக்குக் கன்னியர் எல்லாரும் வழக்கம்போல் வந்து அவர்கள் வரிசையில் நின்றார்கள். அக்காவும் நின்றாள். பெட்டிக்கும் அவளுக்கும் நடுவே நாலு முழம் இருக்கும். லத்தீனில் பாட வேண்டியதை எல்லாருடனும் சேர்ந்து பாடினாள், குரல் பிசகவில்லை. கன்னியாஸ்திரீயாக வரலாம், பெற்ற பெண்ணாகத்தான் வரக்கூடாது போலிருக்கிறது. கல்லறைக்குப் போகும் ஊர்வலம் கிளம்பியபோது அவர்கள் வரிசை மடத்துப் பக்கம் திரும்பிவிட்டது.

அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான் வாணாம்னு சொன்னேனே" என்று ஒரு தடவையாவது சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ராத்திரி கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு, "அவளுக்கு வருத்தம்னு ஒரு வார்த்தை வந்தா போதும்மா. வேற ஒண்ணும் வாணாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை வாங்கி வர நான் போனேன். முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு பார்க்க அனுமதி கிடைத்தது. மடத்து முன்கூடத்தில் ஒரு மேஜை, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. மூலையில் ஒரு சிஸ்டர் தையலுடன் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்க ஒருவர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். மடத்துக்குப் போன பிறகு அக்கா புத்தகத் தமிழ் பேசப் பழகியிருந்தாள். எடுத்தவுடன், "நலமாக இருக்கிறாயா?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரெண்டு தெரு. அவ்ளோதான். உன்னால வர முடியல?"

"நாலு தபா பெரிய தாயாரக் கேட்டேன்" என்றாள். குரல் இறங்கியதும் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. "மூணு தபா இல்லன்னுட்டாங்க. நாலாவது தபாதான் குடுத்தாங்க. நம்ம வூட்டுக்கு, பூசை முடிஞ்சதுலேந்து திரிகால மணி வரைக்கும். வூடு பூட்டி இருந்துது."

"அதான் நான் கத்தினேனே, இங்க இருக்குதுன்னு!"

"அனுமதி நம்ம வூட்டுக்குத்தான். அங்கேந்து ஒரு அடி வெச்சிருந்தாலும் அது என் இஷ்டம். என் இஷ்டத்த நான் குடுத்துட்டேன். குடுத்தத எப்படித் திருப்பி எடுக்கறது?"

"அம்மா செத்துக்கினு இருந்தாங்க. தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையை ஆட்டினாள். பிறகு கேட்டாள்: "நீ பாவுக்கு அந்தாண்ட நின்னியே. மிதிச்சிக்கினு வந்திருந்தா என் கையப் புடிச்சி இழுத்திருக்கலாம். ஏன் வரல?"

நெசவுக்காரன் மகள் பாவில் கால் வைக்க மாட்டாள். வைக்கலாமா என்ற நினைப்புகூட அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. கால் தானாகவே கோடியைச் சுற்றி ஓடிற்று. அம்மா சாகக் கிடக்க, யாருடைய பாவையோ காப்பாற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அவள் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால் அவள்மேல் இருந்த ஆத்திரம் இரண்டு மடங்காயிற்று.

அப்போதுதான் அவள் கேட்டாள். "அம்மாவ வூட்டுலேந்து எடுத்துக்கினு போவச் சொன்னது யாரு?"

மூலையில் ஊசி நின்றுவிட்டது. அந்த சிஸ்டரும் பதிலுக்குக் காத்திருந்தார். அக்காவின் கண் கலங்கி இருந்தது. நான் என்று சொல்லியிருக்க வேண்டும். வீடு பூட்டிக் கிடந்ததற்குக் காரணம் நான்தான் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"அப்பா" என்றேன்.

நேரமாயிற்று என்று சிஸ்டர் எழுந்தார். வருத்தம் என்ற வார்த்தையை வாங்கி வரப் போனவள் அதைக் கேட்கவே மறந்து வெளியே வந்தேன்.

சில மாதத்தில் அக்காவைத் தெற்கே ஒரு மடத்துக்கு மாற்றிவிட்டார்கள். குஷ்டரோகிகளைப் பார்த்துக்கொள்கிற மடம் என்றார்கள். மாற்றியதற்குக் காரணம் யாரும் சொல்லவில்லை. கீழ்ப்படிகிறவர்களுக்குக் காரணம் எதற்கு? எனக்கு அதே பாளையத்தில் கல்யாணம் ஆயிற்று. இரண்டாவது அரக்குப் புடவையை நான் கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் அப்பாவுக்குக் கோர்வை கோக்கத் தினமும் போவேன்.

அடுத்த கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அப்பா பேருக்கு ஒரு கடிதம் வந்தது. உறை பிரித்திருந்தது. அங்கத்துத் தாயார் படித்துப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள். அப்பா தறியை விட்டு எழுந்திருக்காமல், நாடாவை மடியில் வைத்துக்கொண்டு, "படிமா" என்றார்.

முதலில் எனக்குள் படித்தேன். பொடி எழுத்தில் ஒரு பக்கம் முழுக்க நெருக்கி எழுதியிருந்தாள்: அம்மாவை அன்றைக்கு இடம் மாற்றியது நீங்கள் என்று தங்கை சொன்னாள். அதற்காக ஒரு வருஷம் உங்கள்மேல் கோபம் வைத்திருந்தேன், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியும் போகவில்லை. இப்போது போய்விட்டது. நீங்கள் செய்ததை நான் மன்னித்துவிட்டேன், நான் செய்யாததை நீங்கள் மன்னிக்க வேண்டும். இங்கே தோட்டத்தில் ஜெபமாலை சொல்லி நடக்கும்போதெல்லாம் அந்த இரண்டு தெருவைத்தான் நடந்துகொண்டிருக்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கிறது அப்பா.

அப்பா காத்திருந்த வார்த்தை கடைசி வரியில் இருந்தது. முதல் வரியில் என் பொய் இருந்தது.

"இன்னாமா எழுதிக்கிறா?"

"சொகமா இருக்காளாம்ப்பா. எல்லாரையும் கேட்டாளாம். உனக்காக ஜெபம் பண்றாளாம்."

அப்பா எட்டி அந்தத் தாளைப் பார்த்தார். "பக்கம் பூரா எழுதியிருக்குது. அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"வேற ஒண்ணும் இல்லியா?"

"இல்லப்பா."

அவர் நாடாவை எடுத்து ஓட்டினார். நான் வாங்கிக் கோத்தேன். கடைசி வரியை மட்டும் படித்திருக்கலாம் என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். என்ன வருத்தம், எதற்கு வருத்தம் என்று அவர் கேட்டிருப்பார். என் முகத்தைப் பார்த்தே மீதியைத் தெரிந்துகொண்டிருப்பார். அந்தப் பயத்தில் அவருக்குச் சேரவேண்டிய வார்த்தையை நான் எடுத்துக்கொண்டேன். தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவள் அனுப்பியதை நான் வைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டதா? மனசு சரியில்லாத நாட்களில் கடிதத்தை எடுத்து நீட்டி, "இன்னொரு தபா படிமா" என்பார். அதே மூன்று வரியை அதே மாதிரி படிப்பேன். மூன்றாவது வரி முடிந்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் காத்திருப்பார். எனக்கு அந்த நேரம் உயிர் போகும். ஒரு தடவை, "அவ மனசு கல்லாயிடுச்சிமா" என்று சொல்லிக் கடிதத்தை மடித்தார். அன்றைக்குக்கூட நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் அப்பாவும் போனார். அந்தக் கடிதத்தைத் தன்னோடு வைக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஜெபமாலை சுற்றிய அவர் கைக்குக் கீழே நான்தான் வைத்தேன். சொன்னால் வெட்கக்கேடு, அப்போது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இனி அதை யாரும் எடுத்துப் படிக்க முடியாது.

அதற்குப் பிறகு ஐந்தாறு வருஷம் கழித்து, தெற்கே இருந்து தாயார் ஒருவர் எழுதியிருந்தார். அக்கா காய்ச்சலில் நல்ல மரணம் அடைந்தாள் என்று இரண்டு வரி. அவளுடைய பொருள் ஏதாவது இருந்தால் அனுப்பும்படி எழுதினேன். அவளுடையது என்று இங்கே எதுவும் இருக்கவில்லை என்று பதில் வந்தது.

ஆனால் அக்காவின் சாவைச் சொன்ன அந்த இரண்டு வரியைப் படித்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. அழுகை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பயம். அப்பா மேலே மோட்சத்தில் அக்காவின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். இந்நேரம் அக்கா போய் முழுவதும் படித்துக் காட்டியிருப்பாள்.